முக்கோணங்களால் நாடளந்த லாம்ப்டன்

காஞ்சி மாநகரத்துத் தறிகளில் நெய்யப்பெறும் பட்டுச் சேலைகளுள் கோபுரக் கரை போட்ட சேலைக்குத் தனி மதிப்புண்டு. உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்க, இரண்டும் கோத்துக்கொள்ளும் இடத்தில் கூரிய முனைகள் வரிசையாக எழுந்து நிற்கும். ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் பாவில் எத்தனை இழை முன்னேற வேண்டும், எவ்விடத்தில் திரும்ப வேண்டும் என்பது நெசவாளர் மனத்தில் கணக்காக இருக்கும். மிகுதியாக நகர்ந்தால் முனை கூராகும். குறைவாக நகர்ந்தால் பருத்து விரியும். ஒலிமுகமது பேட்டையிலிருந்து நடந்து ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்தின் எதிரே நின்றால் அதே வடிவம் வானளாவ நிற்கக் காணலாம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய அக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 59 மீட்டர். காஞ்சியில் பிறந்தவர் எவரும் முக்கோணத்தைப் பாடநூலில் முதன்முதலாகக் கண்டிருக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் முக்கோணத்திற்கு என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். இலக்கியம் பயில வரும் மாணவருட் பலர் கணக்குக்கு அஞ்சித் தமிழை நாடி வந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். நாமும் அவ்வழி வந்தவரே. எனினும் கோணம் என்னும் சொல்லை வாயிலிட்டவுடன் கோணல் என்னும் சொல் நினைவுக்கு வரும். நேர்ச்சென்ற கோடு வளைந்து திரும்பும் இடம் அது. செம்மை என்பதற்கு நேர்மை என்னும் பொருளுண்டு. அரசனது நேரிய கோல் செங்கோல் ஆனதுபோல் சாயாது நிமிர்ந்து நிற்கும் 90 பாகைக் கோணம் செங்கோணம் ஆயிற்று. ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும். ஒரு கோணம் செங்கோணமாயின் அது செங்கோண முக்கோணம். ஒன்று 90 பாகையினும் மிகுந்தால் விரிகோண முக்கோணம். மூன்றும் அதனினும் குறைந்தால் குறுங்கோண முக்கோணம். மூன்று பக்கமும் ஒத்திருப்பின் சமபக்க முக்கோணம். அதன் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை. இரண்டு பக்கம் மட்டும் ஒத்திருப்பின் இருசமபக்க முக்கோணம்; எதுவும் ஒவ்வாதாயின் அசமபக்க முக்கோணம். பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த செய்தி இது. இவ்வெளிய செய்தியையே கைமுதலாகக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தை அளக்கப் புறப்பட்டவர் வில்லியம் லாம்ப்டன். நம் மண்ணில் அவர் தொடங்கிய இடம் காஞ்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலை.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்சயரில், நார்தலர்ட்டன் என்னும் ஊரின் அருகே, 1753-ஐ ஒட்டி எளிய குடும்பமொன்றில் லாம்ப்டன் பிறந்தார். கணக்கில் அவருக்கிருந்த நாட்டமே அவரைப் படிப்பில் உயர்த்தியது. 1781-இல் காலாட்படையில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அவ்வாண்டே அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை பணிந்தபோது அவரும் சிறைப்பட்டார். விடுபட்ட பின்னர்க் கனடாவின் நியூ பிரன்சுவிக்கு மாநிலத்தில் படைவீட்டுப் பொறுப்பும் நில அளவைப் பணியுமாகப் பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தார். சூரிய கிரகணமொன்றைக் காப்பின்றி நோக்கியதால் இடக்கண் பார்வை பழுதுற்றதும் அந்நாளில்தான் என்பர். உலகின் மிகப் பெரிய அளவைப் பணிகளுள் ஒன்றைத் தொடங்கியவர் ஒற்றைக் கண்ணை நம்பியவர் என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். படையுடன் மீண்டும் சேர்ந்து அவர் இந்தியா வந்தபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். அதுவரை உலகம் அறியும்படி அவர் எதுவும் செய்திருக்கவில்லை.

1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண முற்றுகையில் அவர் இருந்தார். ஏப்ரல் மாதத்து இரவொன்றில் தளபதி பேர்டு தம் படையை நடத்திச் செல்கையில், தாங்கள் தெற்கே தம் பாசறை நோக்கிச் செல்லாமல் வடக்கே எதிரியின் இருப்பிடம் நோக்கிச் செல்வதை விண்மீன்களைப் பார்த்து லாம்ப்டன் உணர்த்தினார். பேர்டு முதலில் நம்பவில்லை. பின்னர்த் திசைகாட்டியைப் பார்த்துத் தெளிந்தார். மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் வாளேந்தியபடியே வீழ்ந்தார். மைசூர் நாடு கும்பினியாரின் கைக்குட்பட்டது. லாம்ப்டனின் அளவைத் திட்டம் பிறந்தது இந்த வெற்றியின் நிழலில்தான். புதிதாகக் கைக்கொண்ட நிலத்தின் பரப்பை அறிந்தால்தானே வரி விதிக்கலாம், பாதை போடலாம், பீரங்கி நகர்த்தலாம்? இவ்வரலாற்றைக் கூறும்போது நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கவே செய்கிறது; அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் திப்புவை நேசிப்பவர் லாம்ப்டனின் கணக்கை வெறுக்க வேண்டியதில்லை. அவர் தம் மேலிடத்தாரிடம் நாட்டின் படம் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்றார். அவர் உள்ளம் நாடியதோ இப்பூமியின் உண்மை வடிவம். பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்று அறிஞர் கண்டிருந்தனர். எவ்வளவு தட்டை என்பதை உறுதிசெய்ய நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் ஒரு பாகையின் நீளம் துல்லியமாகத் தேவைப்பட்டது. அதற்குத் தென்னிந்தியாவினும் வாய்ப்பான இடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

சென்னை அரசு 1800-இல் இசைவளித்தது. எதிர்ப்பும் எழாமலில்லை. சீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குவோரின் தலைவனிடம் சொன்னாற் போதாதா, இதற்கு விண்மீன் எதற்கு என்னும் பொருளில் நிதி அதிகாரி ஒருவர் ஏளனம் செய்தாராம். அதே காலத்தில் மைசூரில் நிலவரைவுப் பணியை ஏற்றவர், தமிழ் மாணவர் நன்கறிந்த காலின் மெக்கன்சி. ஊர்தோறும் சுவடி திரட்டிய அதே மெக்கன்சிதான். ஒருவர் நாட்டின் நினைவைத் திரட்ட, மற்றவர் நாட்டின் நீள அகலங்களைத் திரட்டினார்.

கருவிகள் வந்த கதை தனிச் சுவையுடையது. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றும், தலைக்கு நேர்மேலே செல்லும் விண்மீன்களின் நிலையை அளக்கும் கருவி ஒன்றும் சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டவை. அவர் விரும்பாமையால் அவை கல்கத்தாவில் விலைப்பட்டு, அங்கிருந்து லாம்ப்டனிடம் வந்து சேர்ந்தன. கோணம் அளக்கும் தியோடலைட் என்னும் பெருங்கருவியை இலண்டனில் கேரி என்பார் செய்தார். மூன்றடி விட்டமுள்ள வட்டத்தையுடைய அது அரை டன் எடையுடையது. வரும் வழியில் அதனைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுத் தீவுக்குக் கொண்டு சென்றனர். அறிவியலுக்குரிய கருவி என்றறிந்த பிரெஞ்சு ஆளுநர் அதைப் பத்திரமாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். போரில் நின்ற பகைவரிடையேயும் இப்பண்பு இருந்தது.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினர். மலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை ஏழரை மைல். நூறடிச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை அடுத்தடுத்து வைக்க வேண்டும். தரையில் இழுத்தால் மேடுபள்ளம் பிழை தருமென்று, முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை நிறுத்தி, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தி நீட்டினர். அருகே வெப்பமானிகள் வைக்கப்பட்டன. கோடை வெயிலில் எஃகு நீளும். நூறடிக்கு அந்நீட்சி, பாரன்ஹீட் அளவில் பாகைக்கு ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கும் இராது. ஆனால் பத்துப் பாகை வேறுபாட்டைக் கருதாமல் விட்டால் ஏழரை மைலில் இரண்டடிக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். இத்துணைப் பாடு ஒரே ஒரு பக்கத்துக்காக. அப்பக்கம் தவறினால் அதன்மேல் எழும் முக்கோணம் அனைத்தும் தவறும்.

அந்த ஒரு பக்கத்துக்குப் பின் சங்கிலிக்கு வேலையில்லை. அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள குன்று ஒன்றை நோக்கி இரு கோணங்களை அளந்தால், காலடி படாமலேயே அக்குன்றின் தொலைவு கணக்கில் கிடைத்துவிடும். அவ்வாறு கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தின் தோளில் முக்கோணம் ஏறிச் செல்லும்.

எந்த முக்கோணமும் இதற்கு உதவும் என்று எண்ணிவிடலாகாது. இங்கேதான் பாடநூலின் வகைப்பாடு உயிர் பெறுகிறது. ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கை விகலை என்பர். தெரிந்த பக்கத்துக்கு எதிரேயுள்ள கோணம் 60 பாகையாக இருக்கையில், அதில் ஒரு விகலை பிழைத்தால், கணக்கிட்டுக் காணும் 30 மைல் பக்கத்தில் அரையடிக்கும் குறைவாகவே பிழை வரும். அக்கோணம் 10 பாகையாகக் கூர்ந்திருந்தாலோ அதே ஒரு விகலை நான்கடிக்கு மேல் பிழையை உண்டாக்கும். ஒட்டி ஒடுங்கிய விரிகோண முக்கோணம் நெடுந்தொலைவு எட்டுவதுபோல் தோன்றிக் கணக்கைக் கெடுத்துவிடும். எனவே சமபக்கத்தை ஒட்டிய குறுங்கோண முக்கோணங்களையே அளவையாளர் தேடினர். ஆனால் குன்றுகள் அளவையாளருக்காக எழுந்தவை அல்லவே! தக்க முக்கோணம் அமைய வேண்டி மலை மலையாக ஏறிப் பார்த்து, காட்டை வெட்டிப் பார்வை திறந்து, கொடியுடன் ஆளை நிறுத்தித் தெளிவான வானத்துக்காக நாட்கணக்கிற் காத்திருந்தனர்.

செங்கோண முக்கோணத்துக்கும் அங்கே பணி உண்டு. ஒரு பக்கம் வடகிழக்காகச் சாய்ந்து போகுமாயின் அதனைச் செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகக் கொண்டு, நேர் வடக்கே எவ்வளவு, நேர் கிழக்கே எவ்வளவு என்று பிரிப்பர். வடக்கே சென்ற தொலைவுகளைக் கூட்டி, இரு முனைகளிலும் விண்மீன்களைக் கொண்டு கண்ட அகலாங்கு வேறுபாட்டோடு ஒப்பிட்டால் ஒரு பாகையின் நீளம் கிட்டும்.

இம்முயற்சி உலகுக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா மாமூன் ஏவியபடி அறிஞர்கள் சிஞ்சார்ச் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து ஒரு பாகையை அளந்தனர். பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி, இன்றைய பாகிசுத்தானிலுள்ள நந்தனா மலையுச்சியில் நின்று தொடுவானம் எத்துணைத் தாழ்ந்து தெரிகிறதென்று அளந்தார். பூமியின் மையத்தையும் தொடுவானத்தையும் மலையுச்சியையும் இணைக்கும் ஒரே ஒரு செங்கோண முக்கோணத்தால் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இக்கணக்குகளில் வரும் சைன் என்னும் சொல்லின் பயணமும் கேட்கத்தக்கது. வடமொழியின் ஜ்யா அரபியில் ஜீபா என ஒலிபெயர்ந்து, உயிர்க்குறியின்றி எழுதப்பட்டமையால் ஜைப் எனப் படிக்கப்பட்டு, ஆடை மடிப்பு என்னும் பொருளுடைய அச்சொல் இலத்தீனில் சைனசு ஆயிற்று. நம் வீடுகளில் சட்டைப் பையை ஜேபி என்கிறோமே, அதுவும் அதே ஜைப்தான்.

கணக்குக்கு இரண்டு கோணங்களே போதும். ஆயினும் இயன்ற இடமெல்லாம் மூன்றாம் கோணத்தையும் லாம்ப்டன் நேரிற் சென்று அளந்தார். 180 என்னும் கூட்டுத்தொகையே அளவைக்குச் சான்று. ஆனால் அது சரியாக 180 ஆக வந்தாலும் பிழைதான் என்பது வியப்பன்றோ? தாளில் வரைந்த முக்கோணம் சமதளத்தது. நிலத்தில் அளந்த முக்கோணமோ உருண்டையின் முதுகில் படிந்தது. அதன் கோணங்கள் 180 பாகையினும் சற்றே மிகும். ஒவ்வொரு பக்கமும் 30 மைல் உள்ள முக்கோணத்தில் அம்மிகுதி ஐந்து விகலையளவு. அந்த ஐந்து விகலையைப் பூமியின் பங்கு எனக் கழித்து, எஞ்சியதே தம் பிழை எனக் கொண்டு திருத்துவது முறை.

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணங்கள் ஒருபுறம் கடலூர் நோக்கித் தெற்கேயும், மறுபுறம் மைசூர் நாட்டைக் கடந்து மேலைக் கடற்கரையிலுள்ள மங்களூர் வரையிலும் சென்றன. வழியில் பெங்களூரில் 1804-இல் இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்குக்கும் அந்த நேரளவைக்கும் ஏழு மைலில் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவே. சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் பழைய படங்களில் 400 மைலென்று இருந்தது. உண்மையில் 360 மைலே என்பது வெளிப்பட்டது. நாற்பது மைல் நிலம் இருந்ததாகப் படத்தில் மட்டும் இருந்திருக்கிறது!

பின்னர் 78-ஆம் நெடுங்கோட்டை ஒட்டித் தெற்கே குமரி முனை நோக்கித் திரும்பினார். காவிரிச் சமவெளியில் நெல்வயலும் தென்னந்தோப்பும் உண்டு, குன்று இல்லை. கோபுரங்களே குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்ற முற்பட்டனர். அரை டன் கருவி கயிற்றில் தொங்கி மேலே செல்கையில், சுவரில் மோதாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிற்று. அதன் உயிர்நிலையாகிய பெருவட்டம் நெளிந்தது. விகலை விகலையாகக் கோடு கண்ட வட்டம் வட்டமாகவே இல்லை. மற்றொன்று வேண்டுமாயின் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். பணம் விழுங்கும் பணி என்று முணுமுணுத்தோர்க்கு அதை நிறுத்த இதனினும் நல்ல காரணம் வாய்த்திருக்காது.

லாம்ப்டன் யார்மேலும் சினந்ததாகத் தெரியவில்லை. புதிய கருவிக்குத் தம் சொந்தச் செலவிலேயே எழுதியனுப்பினார். பின்னர்த் தம் தலைமைக் கைவினைஞரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்தவர், ஆறு வாரம் வேறெவரையும் உள்ளே விடவில்லை. பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டினார். ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, நெளிந்த உலோக வட்டத்தை இழையிழையாக வெளியே இழுத்து அவ்வளவில் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களுக்குப் பின் கருவி மீண்டும் வேலை செய்தது. ஐம்பத்தைந்து வயதை எட்டிய, ஒரு கண் பழுதான படை அதிகாரி செய்த காரியம் இது. அவர் வாழ்வில் நாம் மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்க்கும் இடமும் இதுவே.

அதன்பின் பணி நிற்கவில்லை. 1815-க்குள் கிருஷ்ணை ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நாட்டின் பெரும்பகுதியை முக்கோண வலை மூடியது. பிரெஞ்சு அறிவியற் கழகம் 1817-இல் அவரைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. இலண்டன் அரசவைக் கழகமும் சிறப்பித்தது. 1818-இல் இப்பணி இந்தியத் தலைமை ஆளுநரின் நேர்ப்பொறுப்பில் வந்து, மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்னும் பெயரும் பெற்றது. ஜார்ஜ் எவரெசுட்டு உதவியாளராக வந்து சேர்ந்ததும் அவ்வாண்டே. கொடி பிடித்தவர், பெட்டி சுமந்தவர், காடு வெட்டியவர், விளக்கேற்றி இரவெல்லாம் மலையில் விழித்திருந்தவர் ஆகியோர் பெரும்பாலும் நம் நாட்டவர். அவர்களுடைய பெயர்கள் எந்த முக்கோணத்தின் முனையிலும் எழுதப்படவில்லை. 1819-இல் கிருஷ்ணை கோதாவரி இடைக்காடுகளில் கடுங்காய்ச்சல் பரவியபோது எவரெசுட்டே படுத்துவிட்டார். சுமை தூக்கியவர் நிலையை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

எழுபதாம் வயதை நெருங்கியும் லாம்ப்டன் ஓய்வை நாடவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குத் தம் அலுவலகத்தை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். காசநோய் முன்னரே பற்றியிருந்தது. வழியில், இன்றைய மகாராட்டிரத்து வார்தா மாவட்டத்திலுள்ள இங்கன்காட்டில் 1823 சனவரி 20-ஆம் நாள் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தலைமையில் அளக்கப்பட்ட நிலப்பரப்பு 1,65,342 சதுர மைல்.

அவர் விட்ட முனையிலிருந்து எவரெசுட்டு தொடர்ந்து 1841-இல் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். தஞ்சையில் அடிபட்ட அதே தியோடலைட்டும் செப்பனிடப்பெற்று உடன் சென்றது. இன்று அது தேராதூனில் உள்ளது. உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1856-இல் சூட்டப்பட்ட பெயர் எவரெசுட்டின் பெயர். லாம்ப்டனின் பெயரில் சிகரம் ஏதும் பேசப்படுவதில்லை. அளவைக் கருவிகளைப் பழுது நீக்கிக் காக்க ஐரோப்பியக் கைவினைஞர் ஒருவரை எவரெசுட்டு அழைத்து வந்திருந்தார். அவர் விலகிய பின், 1843-இல் அரசாங்கத்தின் கணிதக் கருவி வல்லுநர் பதவி சையத் மீர் மொகுசின் உசேன் என்பவருக்குக் கிடைத்தது. சென்னையில் நகையும் கடிகாரமும் செப்பனிட்டு வந்து, அங்கிருந்து கல்கத்தா சென்றவர் அவர். அவருடைய ஊர், காஞ்சியிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே சென்றால் வரும் ஆற்காடு.